பினாயில் கல்லைத் தின்னாது

அபிராமியை எனக்குப் பிடிக்காது. அவளுக்கும் என்னைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் ஓரிடத்தில் அவளைப் பற்றி நல்ல வார்த்தை ஒன்று சொல்லும்படி ஆகும். உறவுக்காகச் சொல்கிறேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

உறவு என்று பார்த்தால் நெருக்கம்தான். அவள் புருஷன் குமரப்பன் எனக்குச் சின்னாத்தா மகன். திருமயத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் குமரப்பனுக்கும் அவன் சித்தப்பா மகன் விஸ்வநாதனுக்கும் பொதுவாக ஒரு பெரிய வீடு இருக்கிறது. ஆளுக்குப் பாதி. நடுவில் முற்றம், முற்றத்தைச் சுற்றித் தூண்கள், தூண்களுக்கு உள்பக்கம் வெள்ளை மார்பிள் பதித்த அகலமான நடை. அந்த இடத்தை வளவு என்போம். கல்யாணமானாலும், முன்னோருக்குப் போடும் படைப்பானாலும் வளவில்தான் நடக்கும். சாவி ஒரு வருஷம் குமரப்பன் குடும்பத்திடம், மறு வருஷம் விஸ்வநாதன் குடும்பத்திடம்.

வீட்டைக் கட்டிய பாட்டையா ஒரு சட்டத்தையும் வைத்துவிட்டுப் போனார். எந்தக் குடும்பத்தால் வீட்டுக்குச் சேதம் வருகிறதோ, அந்தக் குடும்பம் அதைச் சரிசெய்து முடிக்கிறவரை வளவில் விசேஷம் வைக்கக் கூடாது. அவர்கள் கொண்டுவந்து வைத்த வேலையாள் செய்தாலும் அவர்கள் செய்ததாகத்தான் கணக்கு. விஸ்வநாதன் குழந்தையாக இருந்தபோது அவன் அப்பா ஊஞ்சலை வேகமாக ஆட்டப் போய், சங்கிலி அறுந்து தூணைச் சிராய்த்துவிட்டது. அந்தத் தூணுக்கு ஆசாரி வந்து இழைத்துப் பூசுகிறவரை பிள்ளைக்குக் காது குத்தவில்லை. அப்படிப்பட்ட சட்டம்.

அபிராமி புதுக்கோட்டைக் கீழராஜ வீதியில் பித்தளைக் கடை வைத்திருந்தவர் மகள். வேதியியல் படித்தவள். பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பாடம் எடுத்து, போன வருஷம்தான் ஓய்வு பெற்றாள். பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் பினால். மேலே பட்டால் தோல் வெந்துபோகிற ஒரு மருந்தாம் அது. பெயர் வைத்தவனை எழுப்பி நிறுத்தி, பினாலின் குணங்களைச் சொல்லச் சொன்னாளாம். அவன் விழித்தான்.

"பேரு வைக்கத் தெரியுதுல்ல. படிச்சிட்டு வை" என்றாளாம்.

அவளுடைய ஒரே மகள் ஐஸ்வர்யாவும் அவளிடமே படித்தாள். எலுமிச்சையில் இருக்கிற அமிலம் எது, புளியில் இருக்கிற அமிலம் எது என்று கேட்ட வாய்மொழித் தேர்வில் அந்தப் பெண் இரண்டையும் மாற்றிச் சொல்லிவிட்டாள். வேறு யாராவது என்றால் மகள் என்று ஒரு கண்ணை மூடிக்கொள்வார்கள். இவள் பெயில் போட்டாள். ஐஸ்வர்யா ஒரு வாரம் அம்மாவோடு பேசவில்லை. அதற்காக இவள் ஒன்றும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

குமரப்பன் செத்த வீட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும். பெண்கள் சுற்றி உட்கார்ந்து, "நல்லாத்தானே இருந்தாரு, நல்லாத்தானே இருந்தாரு" என்று அழுதுகொண்டிருந்தார்கள். நானும்தான். அபிராமி நிமிர்ந்து பார்த்தாள்.

"நல்லா இல்ல. சர்க்கரை. மாத்திரையைத் தலகாணிக்கு அடியில ஒளிச்சு வச்சாரு. அழுறதுன்னா அழுங்க, நல்லா இருந்தாருன்னு சொல்லாதீங்க."

அதோடு அழுகை நின்றுபோனது. அழுகை நின்ற இழவு வீட்டை நான் அங்கேதான் பார்த்தேன்.

இப்படிப்பட்டவள் ஒரே ஒரு தடவைதான் பதில் பேசாமல் இருந்திருக்கிறாள். அவள் கல்யாணமாகி வந்த அன்றைக்கு, விஸ்வநாதனின் ஆத்தா ஆவுடையாள், கூடியிருந்த பெண்களுக்கு முன்னால், "பித்தளைக் கடைக்காரர் மகளுக்கு மார்பிள்ல நடக்கத் தெரியுமாத்தா? பாத்து, வழுக்கிப்புடாம" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். மணப்பெண் என்பதால் அபிராமி தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் மறக்கவில்லை. ஐஸ்வர்யா பிறந்தபோதே சொல்லிவிட்டாள், "எம் மகளுக்குத் திருப்பூட்டு அந்த மார்பிள்லதான்." திருப்பூட்டு என்பது எங்களில் தாலி கட்டுவது. ஆவுடையாள் செத்து வெகுகாலமாகியும் அந்தச் சொல் அவளுக்குள் ஆறவில்லை.

ஆவுடையாள் விட்டுப்போன இன்னொரு வம்பு செவந்தி. வீட்டைப் பெருக்கித் துடைத்துப் பார்த்துக்கொள்ள அந்த அம்மாள் கொண்டுவந்து வைத்தவள். பின்கட்டில் இரண்டு அறையில் அவளும் அவள் புருஷன் நல்லதம்பியும் இருக்கிறார்கள். வேறு வீடு வாசல் கிடையாது. விஸ்வநாதன் சென்னையில் இரும்பு வியாபாரம் செய்வதால் அவனுக்கு இந்த வீட்டில் கண்ணும் காதும் செவந்திதான். புதுக்கோட்டையில் குடியிருக்கிற அபிராமி எத்தனை மணிக்கு வந்தாள், யாரைக் கூட்டி வந்தாள் என்பதெல்லாம் உடனே போனில் போய்விடும்.

முன்பு ஒரு தடவை வீட்டிலிருந்த சின்னக் காமாட்சி விளக்கு ஒன்று காணாமல் போனது. அபிராமி நேராகப் பின்கட்டுக்குப் போய், "எங்க வச்சிருக்க?" என்று கேட்டாள். செவந்தி மண்ணை வாரித் தூற்றினாள். விளக்கு கிடைக்கவில்லை. எடுத்தவள் செவந்தி என்றுதான் நானும் நினைக்கிறேன். அதற்குப் பிறகு அந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துப் பேசினால், பக்கத்தில் நிற்கிறவர்களுக்கு நெஞ்சு எரியும்.

இந்த வருஷம் சாவி அபிராமியிடம். ஆவணியில் ஐஸ்வர்யாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. அதற்கு முன்னால் ஆடியில் படைப்பு. படைப்புக்காக அறையிலிருந்த குத்துவிளக்கு, தாம்பாளம், செம்பு எல்லாவற்றையும் வெளியே எடுத்தார்கள். பாத்திரம் துலக்கக் கிணற்றடிதான் இடம். ஆனால் அபிராமி, "கிணத்தடிக்குப் போனா எண்ணிக்கை குறையும்" என்று செவந்தியின் காதில் விழும்படியாகவே சொல்லி, எல்லாவற்றையும் வளவிலேயே பரப்பச் சொன்னாள். செவந்தி வளவுக்குள் வரவே கூடாது என்று நடுக்கதவைச் சாத்திவிட்டாள். புதுக்கோட்டையிலிருந்து கூட்டிவந்த இரண்டு பெண்களோடு தானே உட்கார்ந்து, கடைக்காரர் மகள் கைப்பழக்கத்தில் அப்பி, ஊறவைத்து, தேய்த்து, விளக்கெல்லாம் தங்கமாக மின்னும்படி செய்துவிட்டாள். அந்த வேலையில் அவளுக்கு இணை கிடையாது. கையோடு வளவு முழுக்க ஜமுக்காளம் விரித்தார்கள். படைப்பு நல்லபடியாக முடிந்தது. கல்யாணத்துக்கும் ஆகும் என்று ஜமுக்காளத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். அன்றைக்குச் சண்டை ஒன்றுமில்லை என்பதே எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது விஸ்வநாதன் சென்னையிலிருந்து வந்து இறங்கினான். பொது வீட்டில் விசேஷம் வைப்பதற்கு முன்னால் மற்றக் குடும்பத்தார் வந்து பார்த்துச் சரி சொல்ல வேண்டும், வயதான உறவு ஒருவர் கூட நிற்க வேண்டும். அப்படித்தான் என்னையும் கூப்பிட்டார்கள். ஜமுக்காளத்தைச் சுருட்டினார்கள்.

வளவின் கிழக்குப் பக்கம் முழுக்க மார்பிள் கெட்டுப்போயிருந்தது. முகம் தெரிகிற மாதிரி பளபளவென்று இருந்த கல்லில் தேமல் விழுந்ததுபோலத் திட்டுத்திட்டாக ஒளி செத்துக் கிடந்தது. தடவினால் சொரசொரப்பு. அங்கிருந்து முற்றத்துத் தண்ணீர் போகிற வாய்வரைக்கும் ஒரு தாரை. சரியாக மணவறை போடுகிற இடம்.

விஸ்வநாதன் குனிந்து பார்த்தான். "சாவி ஒங்ககிட்டதான ஆச்சி இருந்துச்சு" என்றான்.

"சாவி எங்கிட்ட. வெளக்கமாறும் துணியும் ஒங்க ஆத்தா வச்ச ஆளுகிட்ட" என்றாள் அபிராமி.

மார்பிளுக்கு மெருகு போடுகிற அழகுமலையைத் திருமயத்திலிருந்து வரவழைத்தார்கள். அவன் நகத்தால் சுரண்டினான், மோந்து பார்த்தான், எச்சில் தொட்டுத் தேய்த்தான்.

"பினாயில்ங்க. தண்ணி கலக்காம அப்புடியே ஊத்தித் தொடைச்சிருக்காக. கல்லைத் தின்னுபுடுச்சு."

"சரி பண்ண எவ்வளவு நாளாகும்?"

"மிசினு காரைக்குடில ஒரு வேலையில நிக்கிது. ஐப்பசிக்கு முந்தி வராதுங்க. வந்தா கண்ணாடி மாதிரி ஆக்கிருவேன்."

வெள்ளிக்கிழமைதோறும் வளவைப் பினாயில் போட்டுத் துடைப்பவள் செவந்தி. அது ஊருக்கே வாசனையில் தெரியும். அப்படியென்றால் சேதம் விஸ்வநாதன் பக்கம். அபிராமி மகளுக்குத் தடையில்லை. திட்டின்மேல் பாயை விரித்துத் திருப்பூட்டை நடத்திக்கொள்ளலாம். விஸ்வநாதனுக்கு முகம் சுருங்கிப் போனது. ஆனால் சட்டத்தை எடுத்துப் பேச வந்தவனே அவன்தானே.

"செவந்தி, இந்த மாசத்தோட பின்கட்டைக் காலி பண்ணிரு" என்றான்.

நல்லதம்பி துண்டைக் கையில் பிடித்தபடி நடுக்கதவு ஓரமாக நின்றவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அபிராமி சிரிக்கவில்லை. ஆனால் சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிய விதத்திலேயே எனக்குத் தெரிந்தது. ஆவுடையாளையும் செவந்தியையும் ஒரே நாளில் ஜெயித்துவிட்டாள்.

செவந்தி காலில் விழுவாள் என்று நினைத்தேன். அவள் பின்கட்டுக்குப் போய்ப் பினாயில் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்து அபிராமி காலடியில் டக்கென்று வைத்தாள்.

"அழகுமல படிக்காதவரு, அவரு சொல்லட்டும். ஐயா யாவாரி, அவரும் சொல்லட்டும். நீங்க இம்புட்டு வருசமா ஊர்ப் புள்ளைகளுக்கு இதத்தான சொல்லிக் குடுத்தீக. ஒங்க வாயால சொல்லுங்க ஆச்சி. பினாயிலு கல்லைத் திங்குமா?"

அபிராமி செவந்தியைப் பார்த்த பார்வையில் பூனைக்குட்டி செத்துவிடும். 'திங்கும்' என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. தலையை ஆட்டினாலும் போதும்.

"திங்காது" என்றாள்.

விஸ்வநாதன் நிமிர்ந்தான். "என்ன ஆச்சி சொல்றீங்க? அதும் ஆசிட்தான? கையில பட்டா எரியுதே."

"கையில எரியிறது வேற குணம், கல்லை அரிக்கிறது வேற குணம். மண்டையில ஏத்திக்க. இதுல இருக்கிற பினால் ஆசிட்தான், ஆனா சோப்ளாங்கி ஆசிட். மார்பிளை ஒண்ணும் பண்ண முடியாது." பிறகு செவந்தி பக்கம் திரும்பினாள். "ரொம்பக் குளுந்துராத. பினாயில் இல்லன்னா நீ வேற என்னத்தையோ ஊத்திருக்க. எதுன்னு இப்பக் காட்டுறேன். ஐஸ்வர்யா, கொல்லையில ஒடஞ்ச மார்பிள் கெடக்கும், எடுத்துட்டு வா. அடுப்படில புளிப்பா என்ன இருக்கோ எல்லாத்தையும் எடுத்துட்டு வா."

மூன்றாம் வகுப்போடு நின்றுபோன எனக்கு அவள் சொன்னதெல்லாம் விளங்கவில்லை. விளங்கியமட்டும் சொல்கிறேன். ஆசிட் என்பது தன்னிடம் இருக்கிற ஹைட்ரஜன் என்ற ஒன்றைக் கழற்றிக் கொடுத்துவிடுமாம். அதை வாங்கிக்கொண்டு மார்பிள் கல் கரையும். உள்ளே அடைபட்டிருந்த காற்று நுரையாக வெளியே வரும். எது சுலபமாகக் கழற்றிக் கொடுக்கிறதோ அது வலுவான ஆசிட். பினால் சம்பந்தி வீட்டுக்காரி மாதிரி. இடுப்பில் முடிந்ததை அவிழ்க்கவே அவிழ்க்காது.

வளவில் உடைந்த பலகைக் கல்லை வைத்தார்கள். அபிராமி சப்பணமிட்டு உட்கார்ந்தாள். முதலில் பினாயிலை விட்டாள். பால்போல நின்றது. நாங்கள் எல்லாரும் குனிந்து பார்த்தோம். ஒரு குமிழ் கூட இல்லை. துடைத்தாள். கல் பழையபடி மின்னியது.

அடுத்து மோர். அதுவும் நின்றது. துடைத்தபோது லேசாக மங்கல், ஆனால் உற்றுப் பார்த்தால்தான் தெரியும். "இது லாக்டிக். பினாலைவிட வலுவுதான், ஆனா மோர்ல கொஞ்சமாத்தான் இருக்கு."

அடுத்து, ஐஸ்வர்யா எதற்கோ வாங்கி வைத்திருந்த வினிகர். ஊற்றியதும் பொடிப்பொடியாகக் குமிழ் எழுந்தது. விஸ்வநாதன், "ஆ, இது" என்றான்.

"இது அசெட்டிக். பாதி மனசு. கொஞ்சம் குடுக்கும், கொஞ்சம் இழுத்துக்கும். ஆனாலும் கல்லைத் தொட்டுருச்சு பாத்தியா?" அபிராமி செவந்தியைப் பார்த்தாள். "வினிகர் வச்சிருக்கியா?"

"அது என்ன எழவுன்னே தெரியாது. மோந்து பாத்தா வாந்தி வருது" என்றாள் செவந்தி.

"கக்கூஸ் கழுவுற ஆசிட்?"

"ஐயாட்ட கேளுங்க. வாங்கித் தர்றாரா? நாங்க பிளீச்சிங் பவுடருதான் போடுறோம்."

அபிராமி கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வினிகர் இல்லன்னா அதுக்கும் மேல உள்ளது. இம்புட்டு ஆழமா அரிச்சிருக்குன்னா வலுவா இருக்கணும், ராத்திரி பூரா கெடந்திருக்கணும். டார்டாரிக், சிட்ரிக்..." என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தவள் நின்றாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விஸ்வநாதனுக்கும் விளங்கவில்லை. ஐஸ்வர்யாதான், பாடம் ஒப்பிக்கிற குரலில், "டார்டாரிக் புளியிலம்மா. சிட்ரிக் எலுமிச்சையில. இப்ப கரெக்ட்டா?" என்றாள்.

அன்றைக்குப் பெயில் போட்ட கேள்வி. இன்றைக்கு மகள் சரியாகச் சொல்லிவிட்டாள்.

அபிராமியின் முகத்தில் இருந்த சிவப்பு இறங்கியதை நான் பார்த்தேன். விளக்குக்கு அவள் அப்பியது புளி. ஒரு கூடைப் புளியையும் எலுமிச்சம் மூடியையும் போட்டு, ஒரு ராத்திரி முழுக்க மார்பிள்மேல் ஊறவிட்டவள் அவள். பள்ளிக்கூடத்தில் பாட்டிலில் இருந்தவரைக்கும் அது டார்டாரிக் அமிலம். அவள் அப்பா கடையில் அது வெறும் புளி. இரண்டும் ஒன்று என்று அத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். அப்பிய கைக்கு மட்டும் சொல்லவில்லை.

நான் சொல்கிறேன் என்ற நல்ல வார்த்தை இந்த இடத்தில்தான் வருகிறது. அப்போதுகூட யாருக்கும் எதுவும் புரிந்திருக்கவில்லை. 'கண்டுபிடிக்க முடியல' என்று கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டு எழுந்திருக்கலாம். அழகுமலை சொன்னதே நின்றிருக்கும். செவந்தி போயிருப்பாள், கல்யாணம் வளவில் நடந்திருக்கும். நானாக இருந்தால் புளிக் கிண்ணத்தைத் தட்டிவிட்டு, கை தவறிவிட்டது என்றிருப்பேன்.

"அந்தப் புளியை எடு" என்றாள் அபிராமி.

கெட்டியாகக் கரைத்த புளித் தண்ணீரைக் கல்லில் விட்டாள். விளிம்பெல்லாம் நுரை கட்டியது. பக்கத்தில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தாள். அது சீறியது, சத்தமே கேட்டது. கொஞ்ச நேரம் விட்டுத் துடைத்தாள். இரண்டு இடத்திலும் தேமல். வளவில் கிடந்த அதே தேமல்.

செவந்தி விளக்கு வைத்திருந்த அறைக்குள் போனாள். பெரிய குத்துவிளக்கை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து, வளவில் இருந்த ஒரு திட்டின்மேல் வைத்தாள். விளக்கின் அடிவட்டம் திட்டின் நடுவில் அச்சடித்ததுபோல உட்கார்ந்தது.

"நல்லா எண்ணிப் பாத்துக்கங்க ஆச்சி. எல்லாம் இருக்கா?" என்றாள்.

விஸ்வநாதன் தொண்டையைச் செருமினான். "அப்ப, பாட்டையா வச்ச சட்டப்படி..."

"சட்டம் எனக்குத் தெரியும். நீ வாசிக்காத." அபிராமி இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்துக் கல்லின்மேல் போட்டாள். எலுமிச்சை ஈரத்தில் அது விழுந்தது. "தொடைச்சு எடுத்துக்க. துருப்பிடிக்கும்."

ஐஸ்வர்யா அழுதுகொண்டே, "நான் சொல்லாம இருந்திருக்கலாம்" என்றாள். "சரியாத்தான சொன்ன, அப்புறம் என்ன அழுகை" என்றாள் அம்மா. ஆறுதல் சொல்வது அந்த வீட்டில் அப்படித்தான்.

செவந்தி விடவில்லை. "எம் புருசன் நெஞ்சைப் பிடிச்சிட்டு உக்காந்திருக்காரு. தப்பாச் சொல்லிட்டேன்னு ஒரு வார்த்தை உண்டா ஒங்க வாயில?"

அபிராமி கதவு வரை போனவள் திரும்பினாள். "பினாயில் கல்லைத் திங்காதுன்னுதான் சொன்னேன். காமாட்சி வெளக்கை நீ எடுக்கலன்னு சொல்லல."

கல்யாணம் திருமயத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. தரை முழுக்க டைல்ஸ். திருப்பூட்டும் நேரத்தில் எல்லாரும் மணமக்களைப் பார்த்தோம். அபிராமி மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். விஸ்வநாதன் வந்து, முறைக்கு உட்கார்ந்து, முறைக்குச் சாப்பிட்டுப் போனான். செவந்தியும் வந்திருந்தாள், நான் நினைக்கவில்லை.

"ஒங்களுக்காக வரல. ஐஸ்வர்யா சின்னப்புள்ளையா லீவுக்கு வாரப்பல்லாம் நாந்தான் இடுப்புல தூக்கி வச்சிருந்தேன், அதுக்காக வந்தேன்" என்றாள்.

"வந்தவ சாப்பிட்டுப் போ. ரசத்தைக் கீழ சிந்தாம" என்றாள் அபிராமி.

ஐப்பசியில் அழகுமலை மிஷினோடு வந்து வளவை இழைத்துக் கொடுத்தான். கிழக்குப் பக்கம் மட்டும் மற்றப் பக்கத்தைவிட ஒரு சாயல் வெளுப்பாக இருக்கிறது, தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். அபிராமி வந்து பார்த்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு முறை குறுக்கே நடந்தாள், திரும்பி நடக்கவில்லை. கட்டிக்கொடுக்க வேறு மகள் கிடையாது.

கார்த்திகைக்கு விளக்குகளை எடுத்தபோது கிணற்றடியில்தான் துலக்கினார்கள். செவந்தி புளி அப்பித் தேய்த்தாள். அபிராமி வெயிலில் நாற்காலி போட்டு எதிரே உட்கார்ந்திருந்தாள். ஒரு விளக்கு முடிந்ததும் செவந்தி அதை அவள் முன்னால் டங்கென்று வைப்பாள். அபிராமி அதை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொள்வாள். மதியம்வரை சண்டை ஒன்றுமில்லை.